பெயருக்குப் பதிலாக ஒரு வெற்றிலை

இந்த நாட்டில் பிள்ளைகளின் பெயர்களைக் கதவில் ஒட்டிவைக்கிறார்கள். நான் இப்போது வாழும் சிற்றூர் நோர்வேயின் மேற்குக் கரையில், மலைகளுக்கிடையே புகுந்து கிடக்கும் கடற்கழியொன்றின் ஓரத்தில் உள்ளது. என் பேத்தி உதைபந்தாடும் கழகத்துக்கு அங்கே மரத்தாலான சிறு மனையொன்று உண்டு. அதன் வாயிற்கதவில், மழை நனைக்காதவாறு நெகிழியுறையில் இட்ட தாளொன்று தொங்குகிறது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அணியினர் அனைவரது பெயரும், பெற்றோரின் கைபேசி எண்ணும், எந்த ஞாயிறு எவர் வந்து வாஃபல் என்னும் இனிப்பு அப்பம் சுட்டு விற்கவேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டுள்ளன. தெருவால் போகும் எவரும் நின்று வாசிக்கலாம், எவரும் வாசிப்பதுமில்லை. முதன்முதலாக அதைக் கண்ட அன்று என் கை தானாகவே எழுந்து தாளைக் கழற்றப் போயிற்று. என் மகள் கையைப் பற்றிக்கொண்டாள். "அப்பா, இஞ்ச அது பரவாயில்ல. விடுங்க," என்றாள். நான் ஏன் அவ்வாறு செய்தேன் என்று அவள் கேட்கவில்லை. அவளும் எங்கள் ஊரில் பிறந்தவள்தான். அருகில் நின்ற நோர்வேக்காரர் ஒருவர், வாஃபல் முறையில் என் பெயரை நான் தேடுவதாக எண்ணி, அன்போடு விரலால் வரிகளைத் தொட்டுக் காட்டினார்.

கூலி பெறாது ஊர்ப்பணிக்குக் கூடுவதை இவர்கள் டுக்னாட் என்பர். இளையோர் கழகம் ஒவ்வொன்றின் பின்னும் டுக்னாட் செய்யும் ஆதரவாளர் குழுவொன்று நிற்கிறது. களத்தில் புல் வெட்டுவோர், வலை தைப்போர், வீடுவீடாகச் சென்று மலக்கூடத் தாள் சுருள்களை விற்றுக் கழகத்துக்குப் பொருள் சேர்ப்போர் எனப் பலர். ஓய்வுபெற்றவன், நேரம் உள்ளவன் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டனர். குழுவின் தலைவி இங்கர் என்பவர். என் மகளினும் இளையவர். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்து, 'சேர்' என்ற அழைப்பிலேயே முதுமையெய்திய என்னை, என் பெயரின் முன்பாதியை மட்டும் எடுத்துக் 'கதிர்' என்று அழைப்பார். அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அவர் என்னிடம் ஒரு குறிப்பேட்டைத் தந்து, ஞாயிறுதோறும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பெயர்களைப் பதியச் சொன்னார். முதல் வாரம் நான் எழுதியது: வந்தோர் பத்தொன்பது. இரண்டாம் வாரம்: வந்தோர் பதினேழு. மூன்றாம் வாரமும் எண் மட்டுமே.

நான்காம் வாரம் இங்கர் இரு கோப்பைகளில் கோப்பி ஏந்தி வந்து என்னருகில் அமர்ந்தார். குரலைத் தாழ்த்தி, "கதிர், எங்கள் எழுத்துகள் உங்களுக்குக் கடினமா? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெயர்களை நான் எழுதித் தருகிறேன், நீங்கள் அருகே ஒரு கோடு மட்டும் போடுங்கள்," என்றார். தொல்லிலக்கணம் கற்பித்த ஒருவன் எழுத்தறியாதவனாக அப்பலகை இருக்கையில் அமர்ந்திருந்தேன். "எண் போதும். எத்தனை பேர் என்பது போதும்," என்றேன் என் அரைகுறை நோர்வே மொழியில். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இதைக் கேட்டுக்கொண்டிருந்தார் நம்மவர் ஒருவர், பொறியியலாளர், அவருடைய மகளும் அதே அணியில் ஆடுகிறாள். வாஃபலை மென்றபடி அவர் சிரித்தார். "மாஸ்டர், ஊர்ப் பழக்கம் உங்களை விடேல்லைப் போல. அங்க எந்தச் சங்கத்தில ஒழுங்கான ஒரு ரெக்கோட் இருந்தது? அதாலதானே எங்கட சனம் உருப்படேல்ல."

அந்தச் சிரிப்புக்கு விடையாகவே இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆதரவாளர் சபை நடத்துவது எவ்வாறு என்பதை நாங்கள் இந்நாட்டில் வந்து கற்கவில்லை. களுதாவளைக்கும் தேற்றாத்தீவுக்கும் அண்மையில், கிழக்கே கடலும் மேற்கே வாவியும் நெருக்க ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில், வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே அதை நடத்தினோம். எங்கள் ஊர் இளைஞர் கழகத்துக்கு ஓலைக் கொட்டிலும், கரப்பந்தாட்ட வலையும், நாளேடு வாசிக்க ஒரு நீள மேசையும் இருந்தன. பிள்ளைகள் கூடினாலே ஐயுறப்பட்ட போர்க்காலம் அது. ஆகவே மூத்தோர் நாங்கள் அவர்களுக்கு முன்னும் பின்னும் நிற்பதென்று முடிவு செய்தோம். இதை உவமையாகச் சொல்லவில்லை. அயலூருக்கு ஆட்டத்துக்குப் போகும்போது துவிச்சக்கரவண்டி வரிசையின் முன்னால் ஒரு முதியவரும் பின்னால் ஒரு முதியவரும் மிதிப்பார்கள். வழிமறிப்பவர் முதலில் நரைத்த தலையைக் காணவேண்டும். அதுவே சபையின் முதல் விதி. வாவிக்கு அப்பால் வயல் உள்ள நிலக்கிழார் நல்லதம்பிப் போடியார் தலைவர். வெற்றிலைத் தோட்டக்காரி பூமணி பொருளாளர். அவரது மகள் தவமலர்தான் இளைஞர் கழகத்தின் செயலாளர். நான் சபையின் எழுத்தர்.

தொடக்கத்தில் நானும் பெயர்களை எழுதினேன். அழகிய கையெழுத்தில், அகர வரிசையில். கரப்பந்தாட்டப் போட்டியொன்றுக்காக எழுதிய பன்னிருவர் பட்டியல் ஒரு நாள் கொட்டிலிலிருந்து காணாமற்போயிற்று. எடுத்தவர் யார் என்று இன்றும் அறியோம். எங்கள் ஊரில் அந்நாளில் துப்பாக்கி ஏந்தியவர்கள் ஒரு தரப்பினர் மட்டுமல்லர். பட்டியல் கை மாறிற்று என்பது மட்டும் தெரியும். பன்னிருவரில் இருவரை வெவ்வேறு கிழமைகளில் வெவ்வேறு ஆள்கள் பெயர் சொல்லி அழைத்துச் சென்றனர். இருவரும் திரும்பவில்லை. பின்னர் கூடிய சபையில் நான் பதிவேட்டைத் திறக்கவும் கூசினேன்.

"சேர், எழுதினாத்தானே ஆரும் வாசிக்கிற?" என்றார் பூமணி. "இனி எழுதாதங்க. கூட்டத்துக்கு வாற நாங்க ஒவ்வொருத்தரும், எந்தப் புள்ளைக்கு நாங்க பொறுப்போ அந்தப் புள்ளைக்கு ஒரு வெத்தில வைப்பம். வட்டாவில இருபது வெத்தில கிடந்தா இருபது புள்ளையும் சுகமா இருக்கு எண்டு அர்த்தம். வெத்திலையப் பார்த்து ஆற்ற புள்ள எண்டு ஒருத்தனுக்கும் சொல்லேலாது."

போடியார் பாக்கு வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நல்ல கதகா இது," என்றார். "கூட்டம் முடிய எல்லாரும் சேந்து ரெக்கோட்டச் சப்பித் துப்பிப்போட்டுப் போயிரலாம்."

அவ்வாறே செய்தோம். பித்தளை வெற்றிலைத் தட்டாகிய வட்டா எங்கள் வரவேடாயிற்று. என் பதிவேட்டில் அன்று முதல் 'வெற்றிலை இருபத்துமூன்று' என்பது போன்ற ஒரு வரி மட்டுமே இருந்தது. பெயர்களை அவரவர் நெஞ்சில் வைத்திருந்தோம். ஒரு வெற்றிலை குறைந்தால், அதை வைக்கவேண்டிய முதியவர் எழுந்து நின்று காரணம் சொல்லவேண்டும். பொறியியலாளரே, ஒழுங்கு என்பதற்கு இதனினும் கடுமையான பொருளை நான் வேறெங்கும் கண்டதில்லை. பல ஆண்டுகள் ஒருவரையும் நாங்கள் இழக்கவில்லை.

அந்த ஒழுங்கும் ஒரு முறை தவறிற்று. அதை மறைத்து இக்கட்டுரையை எழுதினால் நான் பொய்யனாவேன்.

ஜெசிந்தா என்பவள் தன்னாமுனையைச் சேர்ந்தவள். எங்கள் ஊர் முன்பள்ளிக்கு ஆசிரியையாக வந்து என் வீட்டில் தங்கியிருந்தாள். ஓய்வு நேரமெல்லாம் கழகக் கொட்டிலில் கழிப்பாள். ஆட்டங்களுக்குப் புள்ளி குறிப்பவள் அவளே. சபை கூடும்போது நான் என் மகளுக்காக ஒரு வெற்றிலை வைப்பேன். ஜெசிந்தாவுக்கு வைத்ததில்லை. அவளுக்குத் தாய் தந்தையர் உண்டு, ஊர் உண்டு, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது என் எண்ணம். பிறர் பிள்ளைக்கு வெற்றிலை வைப்பது உரிமை கொண்டாடுவதாகும் என்றுகூட ஒரு நாகரிகம் கருதினேன். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, கிறிஸ்து பிறந்த நாளாகிய நத்தாருக்கு அவள் ஊருக்குப் போனாள். நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு காலை, கடற்கரை மணலில் எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டம் இருந்தது. அந்தக் காலையில்தான் கடல் ஊருக்குள் வந்தது.

அலை வடிந்தபின் பள்ளிக்கூட மண்டபத்தில் சபையார் கூடினோம். வட்டாவும் இல்லை, வெற்றிலையும் இல்லை. ஆனால் பட்டியல் எங்கள் நெஞ்சிலிருந்தது. ஒவ்வொருவரும் தத்தம் பிள்ளைகளைத் தேடிப் புறப்பட்டோம். போடியார் தம் முதுமையை மறந்து வேலிக் கம்பிகளுக்குள் தவழ்ந்து சென்று ஒருவனை இழுத்தெடுத்தார். பூமணி தென்னையொன்றில் தொற்றியிருந்த தன் தவமலரைக் கண்டு கீழே இறக்கினார். இருபத்துமூவரில் பத்தொன்பது பேரை மாலைக்குள் உயிரோடு கண்டோம்; நால்வரை உயிரின்றிக் கண்டோம். அத்துயரிலும், ஒருவரையும் தேடாமல் விடவில்லை என்ற ஆறுதல் எங்களுக்கு இருந்தது. ஜெசிந்தா எங்கே என்று அகதிகளாக வந்திருந்த முன்பள்ளிப் பிள்ளைகளின் தாயர் கேட்டபோதெல்லாம், "அவ நத்தாருக்கு ஊருக்குப் போயிற்றா. தப்பிற்றா," என்று நானே மகிழ்ச்சியோடு சொன்னேன். இரண்டு நாள் சொன்னேன்.

மூன்றாம் நாள் முற்பகல் ஒருவர் துவிச்சக்கரவண்டியைத் தள்ளிக்கொண்டு மண்டப வாயிலுக்கு வந்தார். சேறு முழங்கால்வரை அப்பியிருந்தது. ஜெசிந்தாவின் தகப்பன். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"சேர்! நீங்க தப்பிற்றீங்க! புள்ள உங்களோட நிக்காள்தானே?"

"உங்களிட்டத்தானே வந்தவ?" என்றேன். "நத்தாருக்கு வந்தவதானே?"

"வந்தவ. ஞாயித்துக்கிழம விடிய முதல் பஸ்ஸில ஏறிற்றா, சேர். இண்டைக்கு மெச் இருக்கு, ஸ்கோர் எழுத நான் போகாட்டி இவனுகள் அடிபடுவானுகள் எண்டு சிரிச்சிக்கிட்டுத்தான் போனவ." அவர் கையிலிருந்த வண்டி மெல்லச் சாய்ந்தது. "ரோட்டெல்லாம் உடைஞ்சி கிடந்ததால வரேலாமப் போயிற்று. ஆனா நாங்க பயப்படல்ல. சேரோட நிக்காள், சேர் பார்த்துக்குவார் எண்டுதான் இவ்வளவு நாளும் இருந்த."

தன்னாமுனை என்னை நம்பியிருந்தது. நான் தன்னாமுனையை நம்பியிருந்தேன். இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு பெண் தேடுவாரற்றுக் கிடந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஆட்டத்துக்கு வந்து சேருமுன்னே அலை அவளை அள்ளியிருந்தது; ஆகவே பிள்ளைகளும் அவளைக் கண்டிருக்கவில்லை. அன்று பின்னேரம் வாவிக் கரைக் கண்டல் வேர்களுக்குள் அவளைக் கண்டார்கள். முதல் நாளே தேடியிருந்தால் உயிரோடு கிடைத்திருப்பாளா என்று எவராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாமல் இருப்பதே எனக்குரிய தண்டனை.

அழிவு நீங்கிக் கொட்டிலைத் திரும்பக் கட்டியபோது, கழகப் பிள்ளைகள் எங்களைச் சூழ்ந்துகொண்டனர். இனிப் பெயர் எழுதுங்கள் என்றனர். தவமலர் அழுதபடி, "எழுதியிருந்தா ஜெசிந்தா அக்காவை அண்டைக்கே தேடியிருப்பம், சேர்," என்றாள். எழுதப்பட்ட பெயர் இருவரைக் கொன்றது. எழுதப்படாத பெயர் ஒருத்தியைக் கைவிட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டாகவேண்டும். மூன்று ஞாயிறுகள் வாதிட்டபின் போடியார் கண்டார். "புள்ளையளின்ர பேர எழுதாம, எங்கட பேர எழுதுவம். பக்கத்தில நாங்க தேடவேண்டிய ஆக்கள் எத்தின எண்டு இலக்கத்தப் போடுவம். வந்து நிக்கிற புள்ள எந்த ஊரெண்டாலும் ஆரோ ஒரு கிழடு அதுக்குப் பேர் குடுக்கணும். பேர் குடுக்காம ஒரு புள்ளையும் கொட்டிலுக்குள்ள கால் வைக்கப்படாது." அன்று முதல் எங்கள் பதிவேட்டில் மூத்தோர் பெயர்கள் வரிசையாய் நின்றன. என் பெயருக்கு எதிரே இரண்டு என்று எழுதினேன். ஒன்று என் மகள். மற்றது எவர் என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை.

சில ஆண்டுகளில் எங்கள் பக்கத்தில் போர் ஓய்ந்தது. ஓய்ந்தபின் சங்கங்களைப் பற்றிய விசாரணை தொடங்கிற்று. ஒரு நாள் நண்பகல் சீருடையணிந்த அலுவலர் ஒருவர் சிலரோடு கொட்டிலுக்கு வந்தார். கழக உறுப்பினர் அனைவரது பெயரும் நிழற்படமும் வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, கழகத்தின் கடிதங்களை எழுதிய செயலாளர் வேண்டும் என்றார்; பிடிபட்ட கடிதமொன்று அவர் கையில் இருந்தது. விளையாட்டுப் பொருள் கேட்டு அயற்கழகம் ஒன்றுக்கு, தன் பெயரிடாமல் 'செயலாளர்' என்று மட்டும் ஒப்பமிட்டுத் தவமலர் எழுதிய கடிதம் அது. அதில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் குற்றமில்லாதவர்களை அழைத்துச் சென்றவர்கள் திரும்ப அனுப்பிய வரலாறு எங்களிடம் குறைவு. தவமலர் வீட்டுக் கிணற்றடியில் நின்றாள். கொட்டிலில் சபையார் நாங்கள் மட்டுமே இருந்தோம். நான் பதிவேட்டை நீட்டினேன்.

அவர் நன்றாகவே தமிழ் பேசினார். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இது எல்லாம் கிழவங்க பேர். விளையாடுறது யாரு? கெப்டன் யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் போடியார்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"எழுபத்தொண்டு. கால்தான் கொஞ்சம் ஏலா. சேர்விஸ் இப்பவும் நல்லாப் போகும். பந்து தரட்டா, பாக்கிறீங்களா?"

கூட வந்தவருள் ஒருவர் சிரிப்பை அடக்கினார். அலுவலர் சிரிக்கவில்லை. "செயலாளர்?"

"நான்," என்று பூமணி எழுந்து நின்றார். அலுவலர் ஒரு தாளையும் எழுதுகோலையும் மேசைமேல் வைத்து, "எழுதுங்க," என்றார். பூமணிக்குத் தம் பெயருக்கு அப்பால் எழுதத் தெரியாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் எழுதுகோலைத் தொடவே இல்லை. வெற்றிலைச் சாயமேறிய விரல்களை அலுவலரின் முகத்துக்கு முன் விரித்துக் காட்டினார். "மனே, இந்தக் கையப் பாரு. செக்கட்டரி சொல்லுற ஆள். எழுதுறதுக்குத்தான் ஒரு வாத்தியார வைச்சிருக்கம். பெரிய ஆக்கள் நீங்களும் அப்பிடித்தானே செய்யிற?"

எழுதுகோல் என்னிடம் வந்தது. பிடிபட்ட கடிதத்தின் முதல் வரியை அலுவலர் வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். தவமலருக்கு நான்காம் வகுப்பில் எழுத்தைத் திருத்தியவன் நான்; அவளது 'ழ'கரத்தின் வளைவும் 'கு'வின் வாலும் என்னுடையவை. அலுவலர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். பின்னர் எங்களையே நிழற்படம் எடுத்தனர். பதினொரு முதியவர்கள், நெஞ்சுக்கு நேரே இலக்க அட்டை பிடித்தபடி. உறுப்பினர் நீங்களென்றால் ஞாயிறுதோறும் முகாம் வாயிலுக்கு வந்து ஒப்பமிடவேண்டும் என்றார். எட்டு மாதம் ஒப்பமிட்டோம். வெயிலில் நின்றோம், மழையில் நின்றோம். போடியார் ஒவ்வொரு முறையும் கரப்பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வருவார். தவமலரின் பெயரை எவரும் ஒரு முறைகூட உச்சரிக்கவில்லை. இன்று அவள் அதே ஊரில் அதே சபையின் தலைவி. அவள் பெயருக்கு எதிரே ஏழு என்ற இலக்கம் உள்ளதென்று தொலைபேசியில் பெருமையோடு சொல்கிறாள்.

ஆகவே எங்களிடம் பதிவில்லை என்று எவரும் சிரிக்கவேண்டாம். எங்கள் பதிவேட்டுக்குப் பின்னால் எங்கள் உடல்களை நிறுத்தியிருந்தோம். கதவில் ஒட்டிய தாளுக்கு இந்நாட்டில் அவ்வளவு விலை கொடுக்கவேண்டியதில்லை என்பது இந்நாட்டின் நற்பேறு. அதை இவர்களது திறமை என்று நான் ஒப்பமாட்டேன்.

இவற்றில் எதையும் இங்கருக்கு நான் சொல்லவில்லை. கோப்பி ஆறுவதற்குள் சொல்லக்கூடிய கதையன்று இது. ஆனால் அடுத்த ஞாயிறு ஒரு புதிய தாளில், உரோம எழுத்தில், பத்தொன்பது பிள்ளைகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுதினேன். பெயர்களுக்கு மேலே, முதல் வரியில், என் முழுப்பெயரை எழுதினேன். கீழே, இறுதி வரியில், தமிழில் ஜெசிந்தா என்று எழுதினேன். என் கையெழுத்தைக் கண்ட இங்கர் மெய்யாகவே மகிழ்ந்தார். நான் ஒரு மாதத்தில் எழுதக் கற்றுவிட்டேன் என்று மற்றப் பெற்றோரிடமும் சொன்னார். பிறகு, "ஆனால் கதிர், நீங்கள் ஆடுவதில்லையே?" என்றார்.

"எங்கள் முறை அது. பிள்ளைகளைக் கேட்டு வருபவர் முதலில் என்னிடம் வரவேண்டும்."

"ஓ, தொடர்பாளர்!" என்று சொல்லி, என் பெயருக்கு அருகே என் கைபேசி எண்ணை அவரே எழுதி, தாளைக் கதவில் ஒட்டினார்.

இறுதிப் பெயரை அவரால் வாசிக்க முடியவில்லை. யாருடையது என்று கேட்டார். "தூரத்தில் இருப்பவள்," என்றேன். புதிதாகச் சேரப்போகும் பிள்ளை என்று விளங்கிக்கொண்டார் போலும். அதற்கெதிரேயும் வரவுக்கான கட்டமொன்றை வரைந்தார். அன்று தொட்டு, வாஃபல் முறைக்கு வரும் பெற்றோர் எவராயினும் வந்த பிள்ளைகளின் பெயர்களுக்குக் கோடிட்டு இறுதி வரிக்கு வந்ததும் நிற்கிறார். தலை நிமிர்ந்து களத்தைப் பார்க்கிறார். பின்னர் என்னிடம் வந்து, "இந்தப் பிள்ளை இன்றும் வரவில்லையா?" என்று கேட்கிறார்.

பொறியியலாளர் சென்ற வாரம் என்னைத் தனியே அழைத்தார். "மாஸ்டர், அந்தக் கடைசிப் பேரை எடுத்துவிடுங்கோ. சனம் குழம்புது. கிழமைக்குக் கிழமை கேக்கினம்."

எடுக்கமாட்டேன் என்றேன். என் ஊரில் இரண்டு நாள் ஒருவரும் கேளாத பெயர் அது. கேட்கட்டும்.